மாங்கூழ் டின், கட்டுக்கம்பி, பழைய டிபன் பாக்ஸ்: கரி அடுப்புக்குக் கைச்செலவில் துணைச் சாமான்கள்

கரி கிரில் வாங்கும்போது செலவு பெரிதாகத் தெரியாது. அதற்குப் பின்னால் வரிசை கட்டி வருகிற சாமான்கள்தான் கையைக் கடிக்கும். கரி பற்றவைக்க ஒரு குழாய், மீன் புரட்ட ஒரு வலை, புகை போட ஒரு பெட்டி, கம்பிகள், தட்டு, பிரஷ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். இதில் முக்கால்வாசியைக் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் கிடைக்கிற பழைய சாமானிலேயே செய்துகொள்ளலாம். நானும் அப்படித்தான் செய்துவருகிறேன். சிலவற்றைக் கெடுத்தேன், ஒன்றை வெடிக்கவும் விட்டேன். அதையும் சொல்கிறேன்.

வேலையில் இறங்கும் முன் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் எடுக்கிற ஒவ்வொரு துண்டையும் பார்த்து, "இது இதற்கு முன்னால் என்னவாக இருந்தது? இதன் மேல் என்ன பூசியிருக்கிறார்கள்?" என்று கேட்க வேண்டும். பதில் தெரியாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள். சமையல் சாமானில் ஆபத்து இரும்பால் வருவதைவிட, இரும்பின் மேல் இருக்கும் பூச்சால்தான் அதிகம் வரும்.

காயலான் கடையில் எதை எடுப்பது, எதை விடுவது

முதலில் விடவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குபவர்கள் ஆசையாக எடுப்பது அதைத்தான்.

ஜிஐ என்று சொல்கிறோமே, துத்தநாகம் பூசிய இரும்பு, அது வேண்டவே வேண்டாம். பழைய வாளி, கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், கோழிக்கூண்டு வலை எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். புதிய தகட்டின் மேல் பூப்பூவாகப் பளபளக்கும் வடிவம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஜிஐ. பழசானால் மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும், அப்போதுதான் ஏமாறுவோம். துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகும், 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். காற்று நன்றாக ஏறுகிற கரிக் குழாய்க்குள் கங்கின் சூடு 700, 800 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பூச்சிலிருந்து எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ஜிஐ பைப்புக்கு வெல்டிங் வைத்த அன்று இரவு போர்வைக்குள் நடுங்கிய அனுபவம் பல பட்டறைக்காரர்களுக்கு உண்டு, கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது பழைய பிரிட்ஜின் கம்பித் தட்டு. பார்த்தால் கிரில்லுக்கென்றே செய்ததுபோல அளவாக இருக்கும். ஆனால் பழைய காலத்துத் தட்டுகளில் காட்மியம் பூச்சு இருக்கலாம், அது நஞ்சு. புதியவற்றில் பிளாஸ்டிக் பூச்சு. இரண்டுமே தீயில் போடக் கூடாதவை. பெயின்ட் டின், பூச்சிமருந்து டின், தின்னர் டின் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எவ்வளவு கழுவினாலும் அவை அடுப்புக்கு ஆகாது. கூல்டிரிங்ஸ் கேனும் உதவாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், கங்கைத் தாங்க அதற்குத் தெம்பு கிடையாது.

எடுக்கவேண்டியவை: பூச்சில்லாத கருப்பு இரும்பு, எவர்சில்வர், உணவு அடைத்து வந்த தகர டின். பட்டறையில் போய், "அண்ணா, இது ஜிஐ-யா, வெறும் இரும்பா?" என்று கேட்டால் ஒரு மூலையை அரத்தால் தேய்த்துப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல 304 ரகம் என்று சிலர் சொல்வார்கள். மட்டமான 200 வரிசை எவர்சில்வரிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ஜிஐ-யில் நன்றாகவே ஒட்டும், பூச்சு இருப்பதைக் காந்தம் சொல்லாது.

கரி பற்றவைக்கும் குழாய்

செய்யவேண்டியவற்றில் முதலாவது இதுதான். இது இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கமே போய்விடும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றிப் பற்றவைக்கிறவர்கள் புருவத்தை இழப்பது சின்ன நஷ்டம்தான், அதைவிடப் பெரியதும் நடக்கும்.

இதற்கு நம் ஊரில் அருமையான பொருள் கிடைக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன மாவட்டம். மாங்கூழ் 3.1 கிலோ டின்னில் வரும். விட்டம் சுமார் 15 சென்டிமீட்டர், உயரம் 17-18 சென்டிமீட்டர். ஜூஸ் கடை, ஐஸ்கிரீம் கடை, சமையல் கான்ட்ராக்டர் யாரிடமாவது சொல்லிவைத்தால் காலி டின்னைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு குழாய்க்கு இரண்டு டின் வேண்டும். நான்கைந்து பேருக்குச் சமைக்க அந்த அளவு கரி போதும்.

கையில் தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. வெட்டிய தகரத்தின் விளிம்பு பிளேடுதான். என் இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

முதல் டின்னின் மேல்மூடியை முழுதாக எடுத்துவிடுங்கள், அடிப்பக்கம் அப்படியே இருக்கட்டும். அதுதான் கரி உட்காரும் தளம். டின்னைக் கவிழ்த்து, உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து அடிப்பக்கத்தில் துளை போடவேண்டும். முட்டு இல்லாமல் ஆணி அடித்தால் தகரம் குழிந்துபோகும். நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றி ஆறு, அதற்கும் வெளியே பன்னிரண்டு. மொத்தம் 19 துளை, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுழையும் அளவு. ஆணியில் தொடங்கி, துளைபோடும் பெரிய இரும்புப் பஞ்ச் கொண்டு அகலப்படுத்தலாம். டிரில் பயன்படுத்தினால் டின்னை வைஸில் பிடித்துக்கொள்ளுங்கள். மெல்லிய தகரத்தில் டிரில் சிக்கினால் டின் கையோடு சுற்றிவிடும்.

இரண்டாவது டின் கால் ஆகப்போகிறது. அதன் இரண்டு மூடியையும் எடுத்துவிட்டு, 9 சென்டிமீட்டர் உயரத்தில் சுற்றிலும் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் எட்டு இடத்தில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, அந்தப் பட்டைகளை இலேசாக வெளிப்பக்கம் வளைத்தால் ஒரு பூ விரிந்ததுபோல இருக்கும். அதற்குள் முதல் டின்னின் அடிப்பாகத்தை இறக்கினால் கச்சிதமாக உட்காரும். பட்டைகளைத் தட்டி ஒட்டவைத்து, மூன்று இடத்தில் 5 மில்லிமீட்டர் எவர்சில்வர் போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். கரி நிற்கும் தளத்துக்குக் கீழே இப்போது 7 சென்டிமீட்டர் வெற்றிடம் கிடைத்துவிட்டது. காகிதம் வைக்கும் இடம் அது. காலைச் சுற்றி ஆறு சன்னல் வெட்டுங்கள், இரண்டரை சென்டிமீட்டர் அகலம் போதும். ஒன்றை மட்டும் கொஞ்சம் பெரிதாக, தீக்குச்சி நுழைய வசதியாக.

ஈயம் பற்றவைத்து ஒட்டிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். கால் கழன்று கங்கு மொத்தமும் தரையில் கொட்டும், ஈயப் புகை தனி.

கைப்பிடிக்கு 20 மில்லிமீட்டர் அகலப் பட்டை இரும்பை 'ப' மாதிரி வளைத்து, மேல் டின்னின் மேலும் கீழும் போல்ட் போடுங்கள். டின்னுக்கும் பிடிக்கும் நடுவே குறைந்தது 6 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். காய்ந்த கொய்யாக் கிளையை இரண்டாகப் பிளந்து, பட்டையின் இருபக்கமும் வைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்கினால் பிடி தயார். குக்கர் கைப்பிடி வேண்டாம், இந்தச் சூட்டில் அது கருகி உதிரும்.

செய்து முடித்ததும் நேராகச் சமைக்கப் போகாதீர்கள். டின்னின் வெளியே அச்சடித்த மையும் உள்ளே அரக்குப் பூச்சும் இருக்கும். திறந்தவெளியில், புகை மேலே படாதபடி காற்று வரும் பக்கம் விலகி நின்று, விறகுத் துண்டு போட்டு அரைமணி, முக்கால் மணி நேரம் சும்மா எரியவிடுங்கள். பளபளப்பு போய், நாற்றம் அடங்கி, டின் கருநீலமாக நிறம் மாறும். தகரத்தின் மேலிருக்கும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும் என்பதால் அங்கங்கே முத்து முத்தாகத் திரளும். பயப்படவேண்டாம். ஆனால் இந்த டின்னுக்குள் நேரடியாக எதையும் சமைக்கக் கூடாது.

பயன்படுத்தும் முறை: குழாயைக் கிரில்லின் கரித்தட்டு மேலேயே வையுங்கள். மொட்டைமாடித் தளத்தில் வைத்தால் சிமென்ட் பூச்சு சூட்டில் பெயர்ந்து தெறிக்கும். செய்தித்தாள் இரண்டு தாளைக் கசக்கி, சும்மாடுபோல் வளையமாகச் சுற்றிக் கீழே வையுங்கள். நடுவில் ஓட்டை இருந்தால்தான் காற்று ஏறும். வழவழப்பான வாரஇதழ் தாள் சரிப்படாது. மேலே கரியை நிரப்பிக் கீழே பற்றவையுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் மேல்கரியின் ஓரம் சாம்பல் பூக்கும், அப்போது கொட்டலாம். கொட்டும்போது குழாயின் வாய் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். காலில் மூடிய செருப்பு. லுங்கியோடு நின்று செய்யும் வேலை இல்லை இது, நைலான் சட்டையோடு அறவே கூடாது.

டின் தகடு மெல்லியது, சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு தடவையும் காலியாக இருக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை போடாத இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அடுத்த மாங்கூழ் டின் வாங்கவேண்டியதுதான்.

மீன் வலை

கிருஷ்ணகிரியின் கே.ஆர்.பி. அணைப் பக்கம் போனால் ஜிலேபி மீன் வாங்காமல் திரும்ப மனம் வராது. அங்கே கடைகளில் எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். வீட்டில் கங்கில் சுடும்போதுதான் சிக்கல். தோல் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், புரட்டினால் பாதி மீன் கரிக்குள் விழும். ஜிலேபி தட்டையான மீன், அதனால் இரண்டு வலைக்கு நடுவே வைத்துப் பிடித்தால் வேலை முடிந்தது.

எவர்சில்வர் வலைத் துண்டு இரண்டு, ஒவ்வொன்றும் 30-க்கு 25 சென்டிமீட்டர், கண் ஒரு சென்டிமீட்டர் அளவு. ஓசூர் பக்கத்துத் தகடு வெட்டும் பட்டறைகளில் வெட்டிப்போட்ட துண்டாகக் கேட்டுப் பாருங்கள், புதிது வாங்குவதைவிட மலிவு. ஹார்டுவேர் கடையில், "வலைதானே சார், இதோ இருக்கு" என்று கோழி வலையை உருட்டிக் காட்டுவார்கள். அது ஜிஐ. புன்னகையோடு மறுத்துவிடுங்கள்.

ஓரக் கம்பிகளின் முனையை இடுக்கியால் உள்பக்கம் மடக்குங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும். ஒரு நீளப்பக்கத்தில் மூன்று இடத்தில் கம்பி வளையம் போட்டால் கீல் தயார். எவர்சில்வர் கம்பி கிடைக்கவில்லையா, கட்டட வேலைக்கு வாங்கும் கட்டுக்கம்பியே போதும். பூச்சில்லாத, சுட்டு மிருதுவாக்கிய கருப்புக் கம்பி அது, விலையும் சொற்பம். அதில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், முதலில் ஒருமுறை தீயில் காட்டித் துடைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்தால் மாற்றிவிடலாம். எதிர்ப்பக்கம் 40 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கம்பிப் பிடி. மூடியதும் பிடிகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு வளையம்.

வலையைக் கங்கின் மேல் நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் தடவி, அப்புறம் மீனை வையுங்கள். குளிர்ந்த வலையில் வைத்தால் மறுபடி ஒட்டும். பொரிக்கும் மசாலாவில் போடுகிற மிளகாய்த்தூளில் பாதி போதும், கங்கில் அது சீக்கிரம் கருகிக் கசந்துவிடும்.

கம்பிகளும் புகைப்பெட்டியும்

சைக்கிள் ஸ்போக்ஸ், பழைய குடைக்கம்பி இரண்டும் கபாபுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும். இரண்டிலும் பூச்சு. விட்டுவிடுங்கள். 3 மில்லிமீட்டர் எவர்சில்வர் கம்பியை 35 சென்டிமீட்டராக வெட்டி, ஒரு முனையை அரத்தால் கூராக்கி, மறுமுனையை வளையமாக வளைத்தால் ஆயுசுக்கும் வரும். மூங்கில் குச்சி என்றால் அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவேண்டும்.

பச்சைக் குச்சி வெட்டிச் சொருகும் ஆசை சிலருக்கு உண்டு. தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓசூரிலிருந்து தருமபுரி வரும்போது சாலைத் தடுப்பின் நடுவே பூத்துக் கிடக்குமே அரளி, அதன் குச்சி நேராக, கைக்கு வாகாக இருக்கும். அதன் வேர், இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. சொருகவும் கூடாது, எரிக்கவும் கூடாது. பேர் தெரியாத எந்தக் குச்சியையும் உணவில் சொருகாதீர்கள்.

புகைப்பெட்டிக்குப் பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் போதும். பிளாஸ்டிக் கிளிப், ரப்பர் வளையம் இருந்தால் பிடுங்கிவிட்டு, மூடியில் எட்டுத் துளை. உள்ளே விரல் நீள மரத்துண்டு ஐந்தாறு போட்டுக் கங்கின் ஓரத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் புகை வரும். மாங்காய் சீசன் முடிந்து தோப்புகளில் கிளை கழிக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதம் நிழலில் காயவேண்டும். கொய்யா, புளியும் நன்றாக இருக்கும்.

ஓசூர்த் தொழிற்பேட்டையிலிருந்து வரும் பேக்கிங் மரச் சட்டங்கள் விறகாக மலிவாகக் கிடைக்கும். அதில் முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எம்.பி. (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது. எச்.டி. சட்டத்தின் மேலும் வழியில் என்னென்ன சிந்தியது என்று யாருக்குத் தெரியும்? உணவுக்குப் புகை போட இரண்டையும் தொடுவதில்லை நான். ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்த கதவுத் துண்டும் அப்படியே.

கொழுப்பு வடிய ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கறிக்கு நேர் கீழே, கங்கு இல்லாத பக்கம் வையுங்கள். கொழுப்பு தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்காதீர்கள். மூடியைப் போட்டுக் காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

வெடித்த கல்லின் கதை

கங்கை ஒரு பக்கம் ஒதுக்கிவைக்க ஒரு தடுப்பு வேண்டும். கிருஷ்ணகிரியில் கிரானைட் துண்டுக்கா பஞ்சம்? வீட்டுவேலையில் மிஞ்சிய, மெருகு போட்ட ஒரு துண்டைக் கங்கோடு ஒட்டி நிறுத்தினேன். இருபது நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு படீர் என்று ஒரு சத்தம், ரூபாய் நாணயம் அளவு சில்லு ஒன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் பறந்து போனது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் சூட்டில் விரியும், 573 டிகிரியில் அதன் அமைப்பே மாறித் திடீரென்று இன்னும் விரியும். கல்லின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, வேறென்ன நடக்கும்? மெருகுக் கல்லில் பிசின் ஏற்றியிருப்பதும் உண்டு, அது எரிந்து புகையும்.

ஒகேனக்கல்லில் பொறுக்கிய கூழாங்கல் இன்னும் மோசம். ஆற்றுக்கல்லின் உள்ளே ஈரம் தங்கியிருக்கும், அது நீராவியாகி வழி கிடைக்காமல் கல்லையே பிளக்கும். ஹாலோ பிளாக், கான்கிரீட் துண்டுக்கும் அதே கதிதான். சூளையில் நன்றாக வெந்த, காய்ந்த செங்கல் இரண்டு போதும். மழையில் நனைந்த செங்கல் என்றால் இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, முதல் தடவை மெதுவாகச் சூடேற்றுங்கள்.

சுத்தம், சாம்பல், இடம்

கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் இழை உதிர்ந்து வலையில் ஒட்டி, கறியோடு தொண்டைக்குள் போன சம்பவங்கள் பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்தவை. தேங்காய் மட்டையை நீளவாக்கில் வெட்டி, ஒரு முனையைக் கல்லில் வைத்து நசுக்கினால் நார் பிரிந்து நல்ல பிரஷ் ஆகிவிடும். தண்ணீரில் தோய்த்து, வலை சூடாக இருக்கும்போதே தேயுங்கள். ஆவி அடிக்கும், அதனால் மட்டையை நீளமான கம்பியில் கட்டிக்கொள்வது நல்லது. பாதி வெங்காயத்தைக் கம்பியில் குத்தித் தேய்த்தாலும் பிசுக்கு போகும்.

ஆடி மாதக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பொறி பறக்காதா? வைக்கோல் போர், ஓலைக்கொட்டகை, கரும்புச் சோகை பக்கத்தில் இருந்தால் அன்று கிரில் வேண்டாம்.

மார்கழிக் குளிரில், தளி, ஓசூர் பக்கம் இது ரொம்பவே நடக்கும்: சமைத்து முடித்த அடுப்பைக் கதகதப்புக்காக அறைக்குள் எடுத்துவருவது. தணலாகக் கிடக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது. தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். சன்னல் ஒன்றைத் திறந்துவைப்பது போதாது. கார் ஷெட், டெண்ட், வேனின் பின்பக்கம் எதற்குள்ளும் வேண்டாம்.

கடைசி வேலை சாம்பல். மூன்றாவதாக ஒரு மாங்கூழ் டின் வாங்கி, அதற்குப் பொருந்தும் எவர்சில்வர் மூடி ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். மேலே ஆறிக் குளிர்ந்ததுபோல் தெரிந்தாலும் சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள்கூட உயிரோடு இருக்கும். டின்னில் போட்டு மூடி, செங்கல் மேல் இரண்டு நாள் வைத்திருந்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகு செடிகளுக்குக் கொஞ்சமாகத் தூவலாம். என் வீட்டில் அதில் பாதியை அம்மா பாத்திரம் தேய்க்க எடுத்துவைத்துக்கொள்கிறார்.